நாற்பதாவது தலை

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றதற்குப் பிறகு வருகிறேன்.

அல் குசைஸில் இரண்டு தொழிலாளர் முகாம்கள், அத்திவாரத்திலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் என் ஆட்களின் வேலை. தம்மாமில் ஒரு கிடங்கு. அதன் நீளச் சுவரோரம் நடந்து முடிப்பதற்குள் ஒரு சிகரெட் தீர்ந்துவிடும். கராமாவின் பழைய கட்டிடங்களுக்குள் போனால் நான் பூசாத சுவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஷார்ஜா பக்கம் மூன்று மாடியில் ஒரு பள்ளிக்கூடம். அதன் படிக்கட்டு வரைபடத்தில் பிழை இருக்கிறது, ஏறுகிறவன் தலையில் மேல்தளம் இடிக்கும் என்று முதலில் சொன்னவன் நான்தான். “தும் கித்னா படா ஹை?” என்று கேட்டார் இன்ஜினியர். நீ எவ்வளவு படித்திருக்கிறாய் என்று அர்த்தம். தளம் போட்டு முடித்ததும் முதலில் இடித்தது அவர் தலைதான். ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தார். அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் அவர் ஒரு படிக்கட்டுக்கும் கோடு போட்டதில்லை.

ஒரு கைப்பையோடு வளைகுடாவில் வந்து இறங்கியவன் நான். மேசனுக்குக் கலவை சுமந்தேன். இந்தியைச் சண்டை போட்டுக் கற்றேன், அரபியைத் திட்டு வாங்கிக் கற்றேன். இத்தனையும் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது. அந்த நாலாம் வகுப்பும் என் பெயரில் இல்லை என்பதுதான் இப்போது பிரச்சினை.

என் வயதுக்காரர்களே, நம் தோட்டப் பள்ளிக்கூடத்தின் வளைகுடாப் பழைய மாணவர்களே, பள்ளியின் பொன்விழா மலருக்காகப் போன மாதம் கராமாவில் ஓட்டலின் மேல்மாடியில் கூடினோமே, அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் செயலாளர், கணக்கியல் படித்த தம்பி, லேப்டாப்பைத் திறந்து பழைய மாணவர் பட்டியலை வாசித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. பழைய வரவு இடாப்ப எல்லாம் ஊர்ல இருந்து ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. ரெண்டு தரம் பாத்துட்டேன். உங்க பேரு மாஃபி, இல்லவே இல்ல.”

“நல்லாப் பாருப்பா.”

“பாத்துட்டேன்ணே. நீங்க படிக்கலன்னு நான் சொல்லல. ஆனா பிரிண்ட்ல ஏத்த ஆதாரம் வேணும்ல? ஒண்ணு செய்வோம். அன்பளிப்பாளர்னு முழுப் பக்கம் போட்டு, கோட்டு சூட்டோட படம் போட்டுருவோம். கலர்ல.”

எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குக் கோபம் வந்தது. கலர் படம் வேண்டாம், இடாப்பு இருக்கும் பக்கத்தைக் காட்டு என்று பட்டியலை என் பக்கம் திருப்பினேன். நாலாம் வகுப்பில் என் கூட்டாளியின் பெயர் இருந்தது. பக்கத்தில் ‘இந்தியாவில், தொடர்பு இல்லை’ என்று போட்டிருந்தார்கள். அந்த ஆண்டு கடைசிவரை அவன் பள்ளிக்கூடம் வந்ததாக இடாப்பு சொல்கிறது. வந்தது நான். அவன் அப்போது கப்பல் ஏறிப் போய்விட்டான்.

இதை அன்று மேல்மாடியில் வைத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழைகளை என் ஆபீஸ் தம்பி திருத்துவார். சொன்னதை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அது சிலோனில் தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரத் துரை போய், நம் நிறத்தில் ஒரு துரை வந்திருந்தார். அவரும் அதே தொப்பியைப் போட்டிருந்ததால் யார் மாறியது என்பது எங்களுக்குப் புரியவில்லை. மாவுக்குத் தட்டுப்பாடு. எங்கள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், காலை ரொட்டி போய் மரவள்ளிக்கிழங்கு வந்திருந்தது. மழையென்றால் நிற்காத மழை. தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் பெரியவர்கள் பேசுவது பாதிதான் காதில் விழும். அதனாலோ என்னவோ அந்தக் காலம் முழுவதும் எனக்குப் பாதிதான் தெரிகிறது.

எங்கள் காம்பராவில், எங்களுக்கு இருந்த ஒரே அறையில், ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. பச்சை நிறம். தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டிருந்ததால், அப்பா இந்தியாவுக்குப் போக மனுப் போட்டிருந்தார். கடுதாசி வந்ததும் கிளம்ப வேண்டும் என்று நல்லதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது. அம்மாவின் ஒரே பட்டுச் சேலை, பித்தளைச் செம்பு, எனக்குத் தைத்த காற்சட்டை, என் சிலேட்டு. காற்சட்டையை ஒருநாள் கேட்டு அழுதேன். “அங்க போய் போட்டுக்க” என்றார் அப்பா. ரசகற்பூர வாசம் வீசும் அந்தக் காற்சட்டையை நான் ஒருநாளும் போடவில்லை. பெட்டிக்குள்ளேயே எனக்குச் சின்னதாகிவிட்டது.

அதே மழையில்தான் பள்ளிக்கூடத்தையும் அரசாங்கம் எடுத்தது. பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைக்காம்பராவை ஒட்டி ஒரு கொட்டகை. அடுத்த பக்கத்தில் தொட்டில்கள். கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் கைக்குழந்தைகள் அழுகிற சத்தத்துக்கு நடுவில் நாங்கள் வாய்ப்பாடு சொல்வோம். தோட்டத்துச் சம்பளத்தில் இருந்த பழைய வாத்தியார் போனார். அரசாங்கம் நாட்டின் வடக்கிலிருந்து ஒரு மாஸ்டரை அனுப்பியது. மெலிந்த மனிதர், குளிருக்குக் காதைச் சுற்றித் துவாய் கட்டியிருப்பார். புதிய இடாப்பு ஒன்று கொண்டுவந்தார். நீல அட்டை, முதுகில் சிவப்புத் துணி. அதைத் திறந்தால் பசை வாசம் வரும்.

என் பெயரை எழுத அவர் பேனாவைத் திறந்தபோது அப்பா கொட்டகை வாசலில் நனைந்தபடி நின்றார்.

“சேர், எம்மகன் பேர மட்டும் எழுதிறாதீங்க.”

“ஏன் காணும்? பெடியன் படிக்கிறது விருப்பமில்லையோ?”

“படிக்கட்டும் சேர், நல்லாப் படிக்கட்டும். ஆனா கவுருமெந்து இடாப்புல பேர் ஏறுனா அவன் இந்த நாட்டுக்காரன்னு ஆயிரும். மனுவுல அவன் அந்த நாட்டுக்காரன். ரெண்டு கவுருமெந்தும் ஒருநாளு உக்காந்து ஒத்துப் பாத்தா எங்கள ரெண்டா வெட்டிருவாங்க சேர்.”

மாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்படி எந்தச் சட்டமும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அல்லது அவருக்கும் நிச்சயமில்லையோ என்னவோ. அந்தக் காலத்தில் எதற்கு என்ன சட்டம் என்று யாருக்குத்தான் தெரிந்தது? “சரி, போற பிள்ளைதானே. போகுமட்டும் சும்மா இருக்கட்டும்” என்று பேனாவை மூடினார்.

அப்படித்தான் நான் சும்மா இருந்தேன். காலையில் மாஸ்டர் பெயர் கூப்பிடுவார், ஒவ்வொருவராக “வந்தேன் சேர்” என்பார்கள், என் இடம் வரும்போது ஒன்றும் வராமல் அடுத்த பெயருக்குப் போய்விடும். பத்து மணிக்குப் பிஸ்கட் வரும். அரசாங்கம் கொடுத்தது. மண்ணெண்ணெய் மணக்கும் அட்டைப்பெட்டியில், சதுரமாக, கல்லைப் போல. இடாப்பில் இருக்கும் பெயருக்கு நாலு. எனக்கு இல்லை. மாஸ்டர் தன் பங்கில் ஒன்றைத் தருவார். அதை வாங்கும்போது மற்றப் பிள்ளைகள், “சும்மா வந்தவன், சும்மா வந்தவன்” என்று பாடுவார்கள். கணக்கில் அவர்கள் எல்லோரையும் நான் முந்துவேன். ஆனால் சிலேட்டு இல்லாமல், விரலால் மண்ணில் எழுதித்தான்.

கூட்டாளி என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பாடாதவன் அவன் ஒருவன்தான். அவன் வீட்டுக்குக் கடுதாசி முதலில் வந்தது. போகிற அன்று, லொறியில் ஏறிய பிறகு, தன் சிலேட்டைக் கீழே நீட்டினான். ஒரு மூலை உடைந்திருக்கும். மரச்சட்டத்தில் ஆணியால் தன் பெயரைக் கீறியிருந்தான்.

“அங்க புதுசு வாங்கித் தருவாங்களாம்டா. இத நீ வச்சுக்க. ஒடச்சே, கப்பல்ல திரும்பி வந்து ஒதப்பேன்.”

அவர்கள் போனதும் இன்னும் சில குடும்பங்கள் போயின. ஒரு சிறுமியின் தகப்பன் போவதற்கு முன் வந்து விடுகைப் பத்திரம், இந்தியாவில் டி.சி. என்கிறார்களே அதை, கேட்டார். மாஸ்டர் எழுதிக் கொடுத்துவிட்டு, அடிமட்டத்தை வைத்து அவள் பெயரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு பெயரை அப்படி நேராக அடிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. கூட்டாளி வீட்டில் அவசரத்தில் பத்திரம் கேட்காமல் போயிருந்தார்கள். அவன் பெயர் கோடில்லாமல் கிடந்தது.

அப்போதுதான் வட்டாரக் கல்வி அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. நாற்பது பிள்ளைகள் இருந்தால் கல்லுச் சுவரும் தகரக் கூரையுமாகப் புதிய கட்டிடம். குறைந்தால் இந்தப் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், பிள்ளைகள் மூன்று மைல் தள்ளி அடுத்த தோட்டத்துக்கு நடக்க வேண்டும். தோட்டத் தலைவர், அதாவது தொழிற்சங்கத்து ஆள், வந்து எண்ணினார். முப்பத்தொன்பது. என்னையும் சேர்த்து எண்ணினார், நாற்பது. என் பெயர் இடாப்பில் இல்லை என்று மாஸ்டர் சொன்னதும் தலையில் கை வைத்தார்.

“எழுதிருங்க சேர்.”

“தகப்பன் விடான். அதோட இண்டைக்கு எழுதினா இண்டைக்குத்தான் சேர்ந்ததெண்டு தெரியும்.”

தலைவர் இடாப்பை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். கோடில்லாத பெயரில் விரல் நின்றது. “இவன்தான் போய்ட்டானே. பேரு இங்கதானே இருக்கு?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். மாஸ்டரும் பார்த்தார். யாரும் வெளிப்படையாக ஒன்றும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பாவிடம் தலைவரே பேசினார். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம்! “அது இந்தியா போன பேரு. அதுல ஒக்காந்தா நமக்கு ஒண்ணும் ஒட்டாது” என்றார். அவருடைய நியாயம் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று அது கெட்டியான நியாயமாகத்தான் தெரிந்தது.

அதிகாரி சிங்களவர். வழியெல்லாம் சறுக்கி, முழங்கால்வரை சேற்றோடு வந்தார். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஈரக் கை, பேனா மை வாசம். என் தலையில் கை நின்றது. இடாப்பில் என் வயது பதினொன்று. நானோ ஒன்பது வயது நோஞ்சான். தமிழில் கேட்டார்:

“உன் பெயர் என்ன?”

அடுத்த பக்கத்தில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த ஆயம்மா கையை நிறுத்திவிட்டாள். அவள் கூட்டாளியின் அத்தை. கப்பல் ஏறாமல் தங்கியவள். நான் கூட்டாளியின் பெயரைச் சொன்னேன். சொல்லிவிட்டு, கேட்காமலேயே சிலேட்டைத் தூக்கிச் சட்டத்தைக் காட்டினேன். அவர் அதை வாசித்தார். தலைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், தலைவர் சாகும்வரை சொல்லவில்லை. அந்த அதிகாரிக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்தும் விட்டுவிட்டாரா? நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கட்டிடம் கிடைத்தது. தகரமும் சீமெந்தும் அரசாங்கம், உழைப்பு நாங்கள். ஆற்றிலிருந்து கல் சுமந்தோம். மேசனுக்குத் தூக்குக்குண்டு பிடித்தவன் நான்தான். “ஆடாமப் பிடிடா, சுவரு ஒன் கையிலதான் நிக்குது” என்பார். ஆற்றுப் பக்கத்து மூலையில் அடியிலிருந்து மூன்றாவது வரிசையில் நீளமான கல் ஒன்று இருக்கிறது. அது நான் வைத்தது. இத்தனை மண்சரிவுக்கும் அந்த மூலை அசையவில்லை. போய்ப் பாருங்கள்.

அதற்குப் பிறகு தினமும் அவன் பெயருக்கு நான் “வந்தேன் சேர்” என்றேன். நாலு பிஸ்கட். சும்மா வந்தவன் பாட்டு நின்றது. முதல் வாரம் ஆயம்மா தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

“அடேய், எங்க புள்ள பேருக்கு நீ ஏண்டா வாயத் தொறக்குற? அவன் என்ன செத்தா போய்ட்டான்?”

மாஸ்டர் இடாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் சில வாரங்களில் அவள் மாறினாள். பெயர் கூப்பிடும் நேரத்தில் தொட்டிலை நிறுத்திவிட்டுக் கேட்பாள். என் பதில் வந்ததும் மறுபடி ஆட்டுவாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல். போகாமல் இருந்தேன். சாயங்காலம் காம்பராவுக்கே வந்து, “இன்னைக்கு ஏண்டா வரல?” என்றாள். என்னைக் கேட்டாளா, அவனைக் கேட்டாளா?

மழை குறைந்த மாதத்தில் இந்தியாவிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே இன்னொரு கடிதம், மடித்து, மாஸ்டருக்கு. கூட்டாளியின் தகப்பன் யாரையோ கொண்டு எழுதியிருந்தார். ஆயம்மா அதை என் கையில் தந்தாள்.

“மாஸ்டர்கிட்ட குடுத்துரு கண்ணு. அங்க பள்ளிக்கூடத்துல விடுகைப் பத்திரம் இல்லாம சேத்துக்க மாட்டேங்கிறாங்களாம். புள்ள மூணு மாசமா வெளியில நிக்கிதாம்.”

நான் அதை மாஸ்டரிடம் கொடுக்கவில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள். பத்திரம் எழுதினால் சிவப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் நான் மறுபடி சும்மா வந்தவன். பிஸ்கட் போகும். கட்டிடம் இடிக்கப்படும் என்றுகூட நினைத்தேன். நாற்பது முப்பத்தொன்பது ஆகிவிட்டால் அதிகாரி வந்து சுவரைத் தள்ளுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. கடிதத்தை டிரங்குப் பெட்டிக்குள், காற்சட்டைக்கு அடியில் வைத்தேன். இந்தியாவிலிருந்து வந்ததை இந்தியாவுக்குப் போகும் பெட்டியில் வைத்தேன். போகும்போது நானே அவனிடம் கொடுத்துவிடலாம் என்றும் நினைத்தேன் போலிருக்கிறது. ஒன்பது வயது மூளை.

ஆயம்மா ஒவ்வொரு வாரமும் கேட்பாள். “மாஸ்டர் என்னா சொன்னாரு?” “பாக்கலாம்னாரு.” “இன்னும் பாக்கலாமா?” “ஆமா, பாக்கலாமாம்.” பிறகு அவள் மாஸ்டரைப் பார்த்தாலே காறித் துப்ப ஆரம்பித்தாள். வடக்கத்தியானுக்கு நம்ம பிள்ளைகள் படிப்பது எங்கே பொறுக்கும் என்று லயமெல்லாம் சொன்னாள். லயமும் நம்பியது. மாஸ்டருக்கு ஏன் என்றே தெரியவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் விலகி நிற்பார்கள். அடுத்த ஆண்டு மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

நாங்கள் இந்தியா போகவே இல்லை. கடுதாசி வந்தது. அக்காவின் பெயர் மட்டும் அதில் இல்லை. அவளுக்கு வயது வந்துவிட்டதால் தனி மனுவாம். “மகள விட்டுட்டுக் கப்பல் ஏற மாட்டேன்” என்று அப்பா உட்கார்ந்துவிட்டார். எந்தப் பயணத்துக்காக என் பெயரை இடாப்பிலிருந்து காப்பாற்றினாரோ அந்தப் பயணமே இல்லை. ஐந்தாம் வகுப்புக்குப் புது மாஸ்டர் பிறப்புப் பத்திரம் கேட்டார். எந்தப் பெயரின் பத்திரம்? நான் புல்லு வெட்டப் போனேன். என் சொந்தப் பெயரை ஒருவர் முதன்முதலாக எழுதியது தோட்டத்துச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில்தான். அக்கா கல்யாணத்துக்குப் பெட்டியைத் திறந்தபோது காற்சட்டைக்குக் கீழே கடிதம் இருந்தது. அக்கா பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பில் போட்டுவிட்டாள். சிலேட்டு எங்கே போனது என்று தெரியவில்லை.

இதையெல்லாம் நான் மறந்திருந்தேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு துண்டுக் கடுதாசி ஒருவனை என்ன செய்யும் என்பது தெரியாமல் இருந்தேன். என் டிரைவர் கூடலூர்க்காரன். தாய் தகப்பன் நம் மலையிலிருந்து கப்பலில் போனவர்கள். ஒருநாள் அல் குசைஸ் சிக்னலில் நிற்கும்போது சொன்னான்:

“எங்க ஊர்ல எங்களுக்குப் பேரே சிலோன்காரன்தான் முதலாளி. இங்க வந்தா நீங்க சிலோன், நான் இந்தியா. என்னா காமெடி!”

“ஒங்க அப்பா என்ன படிச்சாரு?”

“எங்க படிச்சாரு? டி.சி. இல்லன்னு ஸ்கூல்ல சேக்கல. தேயிலைக்கே போய்ட்டாரு. சாகுற வரைக்கும் சொல்லுவாரு, ஒரு பேப்பர் முதலாளி, ஒரே ஒரு பேப்பர்.”

அவன் தகப்பனின் பெயரைக் கேட்டேன். கூட்டாளியின் பெயர் இல்லை. எனக்கு நிம்மதியா, ஏமாற்றமா? பச்சை விழுந்தும் அவன் வண்டியை எடுக்கவில்லை. “என்னா முதலாளி, கண்ணுல மண்ணா?” என்று கண்ணாடியில் பார்த்தான். “யல்லா, எடுடா” என்றேன்.

நான் கடிதத்தைக் கொடுத்திருந்தால் மாஸ்டர் பத்திரம் எழுதியிருப்பாரா? எழுதியிருந்தால் நாற்பதில் ஒன்று குறைந்து நம் பள்ளிக்கூடம் போயிருக்குமா? அங்கே படித்த நீங்கள் கணக்காளராகவும் நர்ஸாகவும் இங்கே வந்திருப்பீர்களா? அவன் ஒருவன் வெளியில் நின்றதால்தான் நீங்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்தீர்களா? இதில் எந்தச் சுவர் நேர், எது கோணல் என்று எனக்குத் தெரியவில்லை. தூக்குக்குண்டு பிடித்துப் பழகிய கைதான். இதில் ஆடுகிறது.

செயலாளர் தம்பி, அந்த மலரின் முன்பக்கத்தில் பழைய மாஸ்டரைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘பிள்ளைகளின் பத்திரங்களைத் தராமல் அலைக்கழித்தவர் என்ற மனக்குறை உண்டு’ என்று. அதை எடுத்துவிடுங்கள். அது அவர் வேலை இல்லை, என் வேலை. ஆதாரம் கேட்டீர்கள். ஆற்றுப் பக்க மூலையில் அந்தக் கல் இருக்கிறது, கடிதம் எரிந்துவிட்டது, மிச்சத்துக்கு நான் இருக்கிறேன்.

என் கலர் படம் வேண்டாம். அன்பளிப்பாளர் பக்கம் வேண்டாம். நாலாம் வகுப்புப் பட்டியலில் கூட்டாளியின் பெயரை அடிக்காதீர்கள். அதன் கீழே என் பெயரைப் போடுங்கள், வந்தவன் இவன் என்று. அதன் கீழேயே கடிதத்தைக் கொடுக்காதவனும் இவன்தான் என்று போடுங்கள். அதே அளவு எழுத்தில். மலரில் பத்துப் பிரதி, கப்பலில் போனவர்கள் இருக்கும் கூடலூர்ப் பக்கம் அனுப்புங்கள், டிரைவர் கொண்டுபோவான்.

இத்தனை கட்டிடம் கட்டியும் ஒரு கட்டிடத்திலும் என் பெயர் கிடையாது, கேட்டதும் கிடையாது. இதில் கேட்கிறேன். நாற்பதாவது தலை என்னுடையது. எழுதுங்கள்.